அப்பாவின் கடைசிச் சுவர்

அப்பா கொத்தனார். அவர் கட்டிய வீடுகள் நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. அவர் வருகிற ஒரே ஆவணப்படமோ, நிற்காத ஒரு சுவரைப் பற்றியது.

ஓவியக் கல்லூரி ஆசிரியை ஒருவர், அப்பாவுக்கு டீச்சரம்மா. ஆண்டுதோறும் அவருடைய கண்காட்சிக் கூடத்தில் அப்பா ஏழடிச் சுவர் கட்டுவார். ஒரு மாதம் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். பிறகு அப்பாவே இடித்து, கற்களைத் துடைத்து அடுக்குவார். அடுத்த ஆண்டு அதே கற்கள், அதே சுவர். இருபத்துமூன்று ஆண்டுகள். அதுதான் கலை என்றார்கள்.

"இடிக்கிறதுக்குன்னே கட்ட ஒரு ஆளு, அதை வேடிக்கை பார்க்க நாலு ஆளு. நல்ல கூத்து," என்பார் அம்மா.

"இடிக்கத் தெரியாதவனுக்குக் கட்டவும் தெரியாதுடி."

கல் உடையாமல் பிரியவேண்டும். அதனால் சுண்ணாம்புக் கலவைதான். சிமென்ட் போட்டால் கல் உடையும், பிரியாது.

கட்டுமானப் பொருட்களைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. போன ஆண்டு ஒருநாள் அப்பா அங்கே போன் செய்தார்.

"இன்ஜினியரம்மா, இடிக்கவே முடியாம கட்டணும்னா கலவை எப்படி?"

"சிமென்ட் ஒரு பங்கு, மணல் மூணு பங்கு. கொத்தனாருக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். உன் வாயால கேட்டா ஒரு தெம்பு."

"மெஷின் ஓடுதுப்பா. அப்புறம் பேசுறேன்."

எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை. ஈரலில் கட்டி என்று டாக்டர் சொல்லி அன்றைக்கு ஒன்பது நாள். எங்களிடம் அப்பா சொன்னது இரண்டு மாதம் கழித்து. அதற்குப் பிறகு ஆறு வாரம்தான் இருந்தார்.

அந்த ஆண்டுச் சுவரை இடிக்கும் நாளில் அப்பா ஆஸ்பத்திரியில். வந்த ஆட்கள் நாலு கல்லை உடைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதோடு டீச்சரம்மாவின் கலையும் நின்றது.

படத்தை வெளியிடுமுன் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் டீச்சரம்மா சொல்கிறார்: "பாவம், வயசாயிடுச்சு. கலவையை மறந்துட்டார்." அரங்கில் யாரோ சிரித்தார்கள். அந்த வரியை எடுக்கவைத்தே தீருவது என்று எழுந்தேன்.

வாசலில் டீச்சரம்மாவை நிறுத்தினேன்.

"எங்கப்பா மறக்கல டீச்சர். அளவு கேட்டுத்தான் போட்டார்."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சே பண்ணார்னா, இத்தனை வருஷமும் அவருக்குப் பிடிக்காமத்தான் இடிச்சார்னு ஆகுது. ஒரு நாள்கூட நான் கேட்டதில்ல. மறந்துட்டார்னு சொல்லிக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

நானும்தான் கேட்கவில்லை. வரியை எடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சுவர் இருக்கா?"

"கூடத்தைக் காலி பண்ண வேண்டியிருந்தது. போன மாசம் மெஷின் வெச்சு உடைச்சாங்க. மூணு நாள் ஆச்சு. எவன்யா இதைக் கட்டினான்னு திட்டிக்கிட்டே உடைச்சாங்க."

"எங்கப்பா," என்றேன்.