தேன் டீச்சரும் அரை இன்ச்சும்

‘தேன் டீச்சர்’ என்ற பெயரைக் கேட்டுவிட்டு, இனிக்க இனிக்கப் பேசும் ஒருவரை எதிர்பார்த்து வந்தவர்கள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். டீச்சருடைய நாக்குக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருவது அவர் தொழில். ‘இதை விட அது பெரிசு’ என்கிறோமே, அந்த ‘விட’வுக்கு ஆங்கிலத்தில் ‘தேன்’. வருஷத்தில் பாதி நாள் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டுவதிலேயே அவருக்குப் போய்விடும். “தேன் எங்கே? தேனை எங்கே விட்டீங்க?” என்று அவர் போடும் சத்தம் கீழே அச்சுக்கூடம் வரை கேட்கும். பெயர் அங்கிருந்துதான் கிளம்பியது.

அச்சுக்கூடத்தின் மாடியில் ஒரே அறை, பன்னிரண்டு நாற்காலி, மனசு வந்தால் எரியும் ஒரு ட்யூப் லைட். லாரி டிரைவர், லிப்ட் மெக்கானிக், தையல்காரம்மா, மருத்துவமனை ஆயா என்று ஆளுக்கொரு வேலையை முடித்துவிட்டுக் கொட்டாவியோடு வந்து உட்காருவார்கள். புத்தகத்தில் ஐந்தாவது பாடம் உலக சாதனைகள்: யார் உயரம், எது நீளம், எவ்வளவு எடை. ‘நாளைக்கு வேர்ல்டு ரெக்கார்டு’ என்று டீச்சர் சொல்லி அனுப்ப, மறுநாள் ஆயா தன் மகளுடைய பழைய ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

பாடம் ஆரம்பித்ததும் லாரி டிரைவர் எழுந்து, “மை லாரி இஸ் மோர் லாங்கர்” என்றார்.

“லாங்கர்ல ஏற்கெனவே ‘அர்’ இருக்குல்ல? அதுக்கு மேல எதுக்கு மோர் ஊத்துறீங்க?” என்றார் டீச்சர். “பியூட்டிஃபுல், டிஃபிகல்ட் மாதிரி நீட்டு நீட்டா இருக்கறதுக்குத்தான் மோர்.”

“அப்ப லாரியும் நீட்டுதானே டீச்சர்?” என்றார் டிரைவர். டீச்சர் போர்டில் ‘லாங்’ என்று எழுதி, எழுத்தை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார்.

புத்தகத்தில் இருந்த சாதனைகள் ஒருவருக்கும் ஒட்டவில்லை. எங்கேயோ யாரோ நகம் வளர்த்தால் நமக்கென்ன என்று உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே டீச்சர் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, வகுப்புக்கென்றே சாதனைகளை எழுத ஆரம்பித்தார். மிக நீளமான கொட்டாவி, லிப்ட் மெக்கானிக், பதினோரு விநாடி. லேட்டாக வந்ததற்குச் சொல்லப்பட்ட மிகப் பெரிய சாக்கு, லாரி டிரைவர், நாலரை நிமிஷம், அதுவும் ஆங்கிலத்தில். தன் பெயரைச் சார்ட்டில் ஏற்றுவதற்காகவே ஆயா நிறுத்தாமல் இருபத்தாறு தும்மல் தும்மினார். அதில் பாதி சொந்தத் தும்மல் இல்லை என்று டிரைவர் ஆட்சேபம் தெரிவித்ததும் ஆங்கிலத்தில்தான். அன்றைக்கு டீச்சருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மசியாதவர் தையல்காரம்மா ஒருவர்தான். கழுத்தில் எப்போதும் இன்ச் டேப் தொங்க வருவார். அளவு, எண் எல்லாம் அத்துப்படி. ஆனால் “மை சிஸ்டர் இஸ் பிக்கர் தேன் மீ” என்பார். வயதில் மூத்தவர் என்றால் ‘ஓல்டர்’ என்று டீச்சர் நூறு முறை திருத்திவிட்டார்.

“ஓல்டுன்னா கிழவின்னு அர்த்தம் டீச்சர். ஒருத்தங்களை மூஞ்சிக்கு நேரா கிழவின்னு சொல்ல முடியுமா? பெரியவங்கன்னு சொன்னாத்தானே மரியாதை?”

“இங்கிலீஷ்ல பிக்கர்னா ஆள் குண்டுன்னு அர்த்தம்மா!”

“அப்படின்னா இங்கிலீஷுக்கு மரியாதை தெரியல” என்று தையல்காரம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

டீச்சர் இந்த ஒப்பீட்டுப் பாடத்தில் இத்தனை கெட்டிக்காரராக இருப்பதற்கு அவருடைய அம்மாவைத்தான் பாராட்ட வேண்டும். ‘அக்காவைப் பாரு’ என்பதைக் கேட்காமல் அந்த வீட்டில் அவர் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. அக்காவை விட மார்க் குறைவு, அக்காவை விடக் கையெழுத்து மோசம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறக்கும் நாளன்று அம்மா இருவரையும் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, பென்சிலால் கோடு போடுவார். அக்கா கல்லூரிக்குப் போன பிறகும் வந்து நின்றார். எந்த வருஷமும் அக்காவின் கோடுதான் மேலே. தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் குள்ளி. ஐம்பத்தாறு வயதாகி, தலை நரைத்து, சொந்தமாக ஒரு வகுப்பு நடத்தினாலும், உள்ளுக்குள் அவர் குள்ளிதான். அது அவருக்கே நன்றாகத் தெரியும், வலிக்கவும் செய்யும்.

அக்கா கல்வி அலுவலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் தேர்வு நடத்தப் போய்க்கொண்டிருந்தார். முதுகுவலிக்கு டாக்டர் சொன்னார் என்று குதிகால் உயர்ந்த செருப்பைத்தான் போடுவார், வீட்டுக்குள் நடக்கவும் தனியாக ஒரு ஜோடி. எந்த டாக்டர் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாலை வகுப்புகளில் ஆள் குறைந்துவிட்டதால் வாய்மொழித் தேர்வு வைக்கப் போகிறார்கள். தலைப்பு சாதனைகளும் ஒப்பீடும். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் தேறாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். தேர்வாளர் பெயரை டீச்சர் இரண்டு தடவை படித்தார். தேர்வாளர் அக்கா.

டீச்சரின் கணவர் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்ப்பவர். அவருக்கு எல்லாமே டன் கணக்கு. “இதுக்கா அழற? உங்க அக்காவை ஒரு லாரியில ஏத்தி எடை போட்டு, அப்புறம் லாரியைக் கழிச்சிடலாம்” என்றார்.

“வகுப்பு போனா நான் என்ன செய்வேன்? அதுவும் அவ கையால போகணுமா?” என்றார் டீச்சர். கணவர் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

தேர்வன்று அக்கா டக் டக்கென்று மாடியேறி வந்தார். தங்கையைப் பார்த்து, “நீங்க பின்னாடி உட்காரலாம் டீச்சர். நடுவுல பேசக் கூடாது” என்றார். பிறந்ததிலிருந்து ‘டி’ போட்டுத்தான் பேசிய வாய். அந்த ‘நீங்க’வைக் கேட்டதும் டீச்சர் கடைசி நாற்காலியில் போய்க் கைகட்டி உட்கார்ந்தார்.

அக்காவின் தாளில் மூன்று கட்டம். ஒப்பீடு சரியா, அளவு சொன்னார்களா, வாக்கியம் முழுசா. மூன்றும் இருந்தால்தான் தேர்ச்சி. லிப்ட் மெக்கானிக் பத்தாவது மாடியையும் நாலாவது மாடியையும் மீட்டரில் ஒப்பிட்டுத் தப்பித்தார். ஆயா தும்மலை வைத்தே தேறினார். லாரி டிரைவர் வாயைத் திறந்ததும் “மோர்” என்று வந்துவிட்டது. ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாமல் முழித்துவிட்டு உட்கார்ந்தார். பதினோரு பேர் முடிந்தபோது ஏழு பேர் தேறியிருந்தார்கள். மீதி தையல்காரம்மா மட்டும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்த அறையில இருக்கிற ரெண்டு பேரை ஒப்பிடுங்க” என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்டார்.

தையல்காரம்மா எழுந்தார். வந்திருப்பவர் டீச்சரின் அக்கா என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தெளிவாகச் சொன்னார்: “மேடம், யூ ஆர் பிக்கர் தேன் மை டீச்சர்.”

அக்காவின் முகம் சிவந்து, பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

“பிக்கர்? ஹவ் மச் பிக்கர்?” என்றார் அக்கா. மடக்குவதற்குத்தான் கேட்டார். ஆனால் எவ்வளவு என்று கேட்டால் தையல்காரம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டு நேரே அக்காவிடம் போய் இடுப்பைச் சுற்றிவிட்டார்.

“மேடம், மூச்சை உள்ளே இழுக்காதீங்க. அப்புறம் துணி பிடிக்கும்.”

அக்கா மூச்சை விட்டார். தையல்காரம்மா டேப்பைப் படித்தார். டீச்சரின் அளவு அவருக்கு மனப்பாடம். அவருக்குத் தைத்துக் கொடுப்பவரே இவர்தானே. “மேடம்’ஸ் வெயிஸ்ட் இஸ் ட்வெல்வ் இன்ச்சஸ் பிக்கர் தேன் டீச்சர்’ஸ் வெயிஸ்ட்.”

ஒப்பீடு இருக்கிறது, அளவு இருக்கிறது, வாக்கியம் முழுசு. தேன்கூட இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “உயரத்தையும் சொல்லு! ஐ ஆம் டாலர் தேன் ஹர்! சின்ன வயசிலேர்ந்து!” என்று பாதி ஆங்கிலத்தில் முழங்கி, “வாடி இங்கே” என்று தங்கையைக் கூப்பிட்டார். ‘நீங்க’ பறந்து போயிருந்தது.

இருவரும் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்கள். அம்மா பென்சிலோடு வரப்போவதைப் போல டீச்சர் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார். “செருப்பு வேணாம் மேடம்” என்றார் தையல்காரம்மா. அக்கா தயங்கித் தயங்கிக் கழற்றினார். துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் தங்கையின் தலைக்கு மேல் ஒரு கோடு விழுந்தது. அக்காவின் தலைக்கு மேல் இன்னொரு கோடு, கொஞ்சம் மேலே. அப்புறம் டேப்பின் முனையைத் தரையில் வைக்கத் தையல்காரம்மா குனிந்தார். குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

“மேடம், குதிகாலைக் கீழே வைங்க.”

அக்கா அசையவில்லை.

“பாவாடை, கால்சட்டைன்னு முப்பது வருஷமா காலைப் பார்த்துத்தான் மேடம் அளவெடுக்கறேன். கீழே வைங்க.”

குதிகால் மெதுவாகத் தரைக்கு வந்தது. தையல்காரம்மா பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டார். அது தங்கையின் கோட்டுக்குக் கீழே விழுந்தது. “டீச்சர் இஸ் ஹாஃப் அன் இன்ச் டாலர் தேன் மேடம்” என்றார். டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

அக்கா அதே கண்டிப்போடு தாளில் மூன்று கட்டத்திலும் சரி போட்டார். எட்டுப் பேர். வகுப்பு ஓ என்று கத்தியதில் கீழே அச்சு இயந்திரம் நின்றுவிட்டது.

எல்லோரும் போன பிறகு அக்காவும் தங்கையும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். செருப்பு அக்காவின் கையில் இருந்தது.

“நீ ஒன்பதாவது படிக்கறப்பவே என்னைத் தாண்டிட்டே” என்றார் அக்கா. “அப்போ தூக்கின குதிகால்டி இது.”

டீச்சருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “நாற்பத்திரண்டு வருஷம் என்னைக் குள்ளின்னு கூப்பிட்டாங்க. ஏன்க்கா சொல்லல?”

“சொல்லியிருந்தா அம்மா என்கிட்ட ‘தங்கச்சியைப் பாரு’ன்னு ஆரம்பிச்சிருப்பா. அதைக் கேட்டுக் கேட்டு நீ போர்வைக்குள்ள அழுததைப் பக்கத்துல படுத்திருந்து பார்த்தவ நான். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லடி.”

டீச்சர் அக்காவின் வெறும் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் குதிகாலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். அக்கா இன்னொரு காலையும் நீட்டினார்.

மறுநாள் வகுப்பில் சார்ட்டின் கடைசி வரியை முதலில் படித்தவர் லாரி டிரைவர். அது டீச்சர் கையெழுத்து இல்லை, அதை விட அழகாக இருந்தது. குதிகாலை மிக நீண்ட காலம் தூக்கி வைத்திருந்தவர், டீச்சரின் அக்கா, நாற்பத்திரண்டு வருஷம். அதற்குப் பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையால் சரி போட்டிருந்தார்.