வடக்குப் படிக்குப் பன்னிரண்டு பேர்

அந்தப் போலீஸ் ஸ்டேஷனில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதிகாரிகளுக்கு அவர் ரைட்டர், மற்றவர்களுக்கு டேப்பு. கூட்டம் கூடும் காரியம் எதுவானாலும் எந்த வாசலுக்கு எத்தனை போலீஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அதற்குப் பந்தோபஸ்துத் திட்டம் என்று பெயர். முன்னால் இருந்தவர்கள் போன வருஷத்துத் தாளை எடுத்துத் தேதியை மாற்றி மேலே அனுப்பிவிடுவார்கள். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அவரும் முதல் வருஷம் அப்படியே செய்தார். பிறகு ஒரு நாள், தாளில் நாலு வாசல் என்றிருந்த மண்டபத்தை நேரில் போய்ப் பார்த்தார். ஒரு வாசலைச் சுவர் வைத்து அடைத்து இரண்டு வருஷமாகியிருந்தது. அன்றைக்குத்தான் கடைக்குப் போய் அளக்கிற டேப் ஒன்று வாங்கினார்.

விளையாட்டு மைதானத்தின் வடக்குப் படி அவருக்குத் தன் வீட்டுப் படியைவிட நன்றாகத் தெரியும். மொத்தம் பதினெட்டுப் படிகள். மேலே அகலம் ஒன்பதடி. கீழே இரட்டை இரும்புக் கதவில் ஒரு பக்கம்தான் திறக்கும். மறுபக்கத்துத் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. அதைச் சரி செய்யச் சொல்லி மைதானத்துக்காரர்களுக்கு மூன்று கடிதம் போட்டிருந்தார். ஒன்பதடியில் இறங்குகிற கூட்டம் நாலரை அடியில் வெளியேற வேண்டும். சாதாரண ஆட்டங்களுக்குப் போய், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு எத்தனை தலை என்று எண்ணினார். மேலேயே கூட்டத்தைத் தடுத்து ஐம்பது ஐம்பது பேராக இறக்கினால் படி தாங்கும். அதற்குப் படியின் உச்சியில் ஆறு பேர், நடுத் திருப்பத்தில் இரண்டு, கீழே நாலு. ஆகமொத்தம் பன்னிரண்டு. குடும்பங்கள் உட்காரும் பகுதி என்பதால் அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

வருஷாந்திர இறுதி ஆட்டத்துக்கு முதல் தடவை பன்னிரண்டு கேட்டார், எட்டு கிடைத்தது. அடுத்த வருஷம் ஆறு. இந்த வருஷம் நாலு என்று உத்தரவு வந்ததும் நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போனார்.

ஆள் ஒதுக்கும் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "வாங்க டேப்பு. எதை அளக்க வந்தீங்க?"

"படிக்கு நாலு பேர் பத்தாதுங்க."

குமாஸ்தா போன வருஷத்துக் கோப்பை எடுத்துக் கடைசித் தாளைப் பிரித்து வைத்தார். "இது யார் எழுத்து?"

"என்னோடதுதான்."

"வாசிங்க."

"'நிகழ்ச்சி அசம்பாவிதம் ஏதுமின்றி இனிதே முடிந்தது.'"

"ஆறு பேர்லயே இனிதா முடிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்குய்யா பன்னிரண்டு?"

"தப்பிச்சோம்ங்க. அவ்வளவுதான்."

"தப்பிச்சோம்னு எழுதலையே?"

டேப்பு கோப்பை மூடி வைத்தார். எல்லாரும் எழுதுகிற வரி என்று அவரும் எழுதியிருந்தார்.

"மத்த ஸ்டேஷன்காரங்க முப்பது கேட்டுப் பதினஞ்சு வாங்கிட்டு சிரிச்சிக்கிட்டே போறாங்க. நீங்க வேண்டியதை மட்டும் கேக்குறீங்க. அதுல வெட்டினா ரத்தம்தான் வரும்."

"வெட்டாம குடுக்கலாமே."

"வெட்டாம குடுத்தா எனக்கு எதுக்குய்யா இந்த நாற்காலி?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. தொள்ளாயிரம் பேர் நிற்க வேண்டிய இடங்களை நானூறு பேரை வைத்து நிரப்ப வேண்டியவர்.

படிக்கு ஒதுக்கிய நாலு பேரில் ஒருவர் பெண். ஸ்டேஷனில் இருந்த பெண் காவலர்களே இரண்டு பேர்தான். ஒருத்தி பிள்ளை பெற்று நாலு மாதம் ஆனவள். இன்னொருத்தி டேப்பின் மனைவி.

அவள் வீட்டில் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். "லிஸ்ட் எழுதியாச்சா? என்னை எங்க போட்டிருக்கீங்க?"

"விருந்தினர் வாசல்ல போடலாமான்னு பார்க்குறேன். அங்க நாற்காலி இருக்கும்."

"அப்ப படியில யாரு?"

அவர் பேனா மூடியைத் திருகினார்.

"பச்ச உடம்புக்காரியைப் படியில நிறுத்திட்டு நான் நாற்காலியில குந்திக்கணுமா? அப்புறம் அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"கீழ நிக்கிறவங்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கூட்டம் மேலேர்ந்து சாஞ்சா..."

"தெரியும். மூணு வருஷமா கேக்குற கதைதானே? மத்த புருஷன்மாருக்குக் கனவுல நடிகை வருவா. உங்களுக்குப் படி வரும்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என் பேரையே எழுதுங்க."

எழுதினார்.

ஆட்டம் பிற்பகலில். ரைட்டருக்கு மைதானத்தின் தெற்குப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் முன்னால் வேலை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. கூரையில்லாத வடக்குப் பகுதி மொத்தமும் ஒரே சமயத்தில் எழுந்தது. அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினரின் கார் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள, இன்ஸ்பெக்டர் வடக்குப் படியிலிருந்து இரண்டு பேரை அங்கே இழுத்துக்கொண்டார்.

"ஐயா, படியில இருக்கிறதே நாலு பேர்" என்றார் டேப்பு வயர்லெஸ்ஸில்.

"தெரியும்யா. கார் நகர்ந்ததும் அனுப்பிடுறேன்."

கார் நகரப் பதினோரு நிமிஷம் ஆனது. நாலாவது நிமிஷத்தில் மனைவியின் குரல் வந்தது. "வடக்குப் படி. கூட்டம் நிக்கல. ஆள் அனுப்புங்க." ஏழாவது நிமிஷத்தில், "ரைட்டர் சார், அந்தத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்குறேன்." அதன் பிறகு வெறும் இரைச்சல். வயர்லெஸ்ஸை விட்டு அவர் எழுந்து போகக் கூடாது. போகவில்லை. படிக்கு ஆளைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒன்பது தடவை கேட்டார்.

தாழ்ப்பாள் திறந்துகொண்டது. அதனால்தான் யாரும் சாகவில்லை. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அதை இழுத்துக்கொண்டிருந்தவளின் முழங்கைமேல் கூட்டம் சாய்ந்து எலும்பு மூன்று துண்டாகிவிட்டது. மற்றவர்கள் நசுங்கிய விரலையும் வீங்கிய விலாவையும் பிடித்துக்கொண்டு மழையில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர்கூடப் புகார் கொடுக்க வரவில்லை. அவளுடைய கை இனி முழுசாக நீளாது என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் டேப்பு மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். கேட்டது எத்தனை, கொடுத்தது எத்தனை, எடுத்தது எத்தனை, எந்த நிமிஷத்தில் என்று ஒன்றையும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் அதை நின்றபடியே படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எல்லாம் நிஜம்தான். இதை அனுப்பினா விசாரணை வைப்பாங்க. ரெண்டு பேரை யாரு எடுத்தது? நான். யாருக்காக? விருந்தாளிக்காக. விருந்தாளியைப் போய் எவனும் கேக்க மாட்டான். கடைசில, நின்ன ரெண்டு பேர் ஒழுங்கா நிக்கலன்னு முடிப்பாங்க. மெமோ உங்க சம்சாரத்துக்குத்தான் வரும். யோசிச்சுக்கங்க." வெற்று அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். "அஞ்சு மணிக்குள்ள மேல போகணும்."

இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று பக்கத்தையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஐயா சொல்றது நிஜமா? மெமோ வருமா?"

"வரும். விசாரணை முடியிற வரைக்கும் சஸ்பெண்டு."

"வேற எங்கயாவது விழுந்தேன்னா?"

"மருத்துவ விடுப்பு. அப்புறம் உக்கார்ற வேலை."

"அப்ப வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா அடுத்த வருஷம் அந்தப் படிக்கு மூணு பேர்தான் குடுப்பாங்க."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"வலிக்குதுங்க" என்றாள். "எழுதுங்க."

அவள் சொன்னதாக ஒரு வாக்குமூலம் எழுதினார். கையெழுத்துப் போடுகிற கை கட்டுக்குள் இருந்தது. நர்ஸ் மேஜையிலிருந்து மைப்பெட்டியை வாங்கி வந்து அவளுடைய இடது பெருவிரலை அவரே பிடித்து உருட்டினார்.

"இருபது வருஷமா ஊரான்கிட்டயெல்லாம் கைநாட்டு வாங்கினவ நான்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். தோள் அசைந்ததும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விரலில் இருந்த மையை அவர் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். பிறகு ஜன்னல் விளிம்பில் படிவத்தை வைத்து வாசல் வாசலாக நிரப்பிக்கொண்டு வந்தார். வடக்குப் படி என்ற இடத்தில் 'ஒதுக்கப்பட்டவர் நால்வர்' என்று எழுதினார். அடுத்த கட்டத்தில், ஆள்பலம் போதுமானதா என்ற கேள்விக்கு எதிரே, 'போதுமானது' என்று தெளிவான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.