மூட்டைக்காரனும் யாளியும்

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, வாரத்துக்கான துணிகளை இஸ்திரிக்குப் பிரித்துக் கொடுத்து, மதியம் சாப்பாடானதும் வேர்க்கடலையை உப்புப் போட்டு வேகவைத்தேன். குக்கர் மூடியைத் திறந்ததும் எழுந்த அந்த ஈர மண் வாசனை, படூரில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடம் வரை போய், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த என் மகள் யாழினியையும் அவள் தோழிகளையும் எட்டியது. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாகிப் பகடை உருட்டிச் சண்டையிடும் விளையாட்டு அது. கதை சொன்னவள் யாழினி. முதல் குகையிலேயே அவளுடைய அரக்கன் எல்லா வீரர்களையும் கொன்றுவிட்டான். "அடுத்த வாரம் நான் வரல" என்று ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு, அடிபட்ட வீரர்களுக்கு உயிர் எப்படித் திரும்பும் என்று கேட்டேன். கதைக்குள்ளேயே ஓர் இரவு தூங்கி எழுந்தால் போதும் என்றாள் யாழினி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாக நான் வேறு மாதிரி அல்லவா நம்பிக்கொண்டிருந்தேன்!

நாங்கள் கருங்குழிக்காரர்கள். மே மாத விடுமுறைக்கு நானும் தம்பி பாபுவும் திருவிடந்தையில் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். பெரியம்மா மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்த்தார். அவர் மகள் ஜெயமேரி அக்கா, ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள், அரைப் பரீட்சை லீவில் அந்த லாட்ஜுக்கு உதவிக்குப் போனபோது, மொட்டை மாடியில் சில வெள்ளைக்காரர்கள் நாள் முழுக்க இப்படி விளையாடுவதைப் பார்த்திருக்கிறாள். பேச்சு பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் சண்டை முடிந்ததும் அவர்கள் விளையாட்டை நிறுத்தி, பிஸ்கட் தின்று, அடிபடும்போது எடுத்து வைத்த உயிர்க்கணக்கு மணிகளைத் திரும்பத் தங்கள் முன்னால் அடுக்கிக்கொண்டதைக் கவனித்தாள். அதிலிருந்து அக்கா கண்டுபிடித்த சட்டம்: "துன்னாத்தான் உயிர் ஏறும்." அவர்களுக்குப் பசித்ததால் தின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரிய இந்த ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியிருந்தது.

பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்பில், அக்கா கதை சொல்ல, விளையாடினோம். ஆளுக்குப் பத்து சவுக்குக் காய் உயிர். பூதம் அடித்தால் லூடோ பகடையில் விழுகிற எண்ணுக்குக் காய் போகும். ஒரு பிஸ்கட் தின்றால் ஒரு காய், கைப்பிடி கடலைக்கு இரண்டு, முறுக்குக்கு மூன்று, அதிரசத்துக்கு ஐந்து. எங்கள் அம்மா டின் நிறைய முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பியிருந்ததால் நானும் பாபுவும் சாகாவரம் பெற்றவர்கள் போலத் திரிந்தோம்.

நான்காவது ஆள் பக்கத்து வீட்டு தேவா. என் வயதுதான். அவன் அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கட்டிக் கிடந்தன, அவர் வீட்டில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தேவா வெறும் கையோடு வருவான், இரண்டே அடியில் செத்துவிடுவான். அவனுக்காக அக்கா பூதத்தைச் சின்னதாக்கினால், அவன் கத்தியை ஓங்குவதற்குள் நாங்கள் அதை முடித்துவிடுவோம், பாபு கொட்டாவி விடுவான். எங்களுக்குத் தக்கபடி பெரிதாக்கினால் முதலில் சாவது தேவா. அக்கா எவ்வளவு யோசித்தும் இருதரப்புக்கும் பொருந்துகிற பூதம் கிடைக்கவில்லை.

ஒருநாள் நான் ஒரு முறுக்கை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"ஒன் முறுக்க நீயே துன்னு. எங்க வூட்ல சோறு ஆக்காமயா கீறாங்க?" என்று எழுந்து போனவன், அப்புறம் தோப்புப் பக்கமே வரவில்லை. கூப்பிட்டால் "வேல கீது" என்பான். வேலை ஒன்றும் இல்லை என்பது மணலில் தனியாக உட்கார்ந்து கல் எறிந்துகொண்டிருந்ததிலேயே தெரிந்தது. அவன் இல்லாமல் எங்களுக்கும் விளையாட்டு சப்பென்றாகிவிட்டது.

ஜெயமேரி அக்கா சட்டத்தை மாற்றினாள். தின்பண்டம் எல்லாம் ஒரே துணி மூட்டையில். மூட்டை தூக்குகிறவன் சண்டை போட மாட்டான். ஆனால் அவன் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் தின்னலாம். மூட்டையைக் கட்டி, மணலில் இருந்த தேவாவிடமே எடுத்துப் போனாள்.

"இன்னாடா தேவா, தூக்கறியா? பாபு கைல குடுத்தா பூதம் வர்றதுக்குள்ள மூட்டை காலி."

தேவா கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். பிறகு மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு விளையாட்டே வேறாகிவிட்டது. முன்பெல்லாம் முதல் குகை தாண்டுவதற்குள் டின் காலியாகிவிடும். இப்போது மூன்றாவது குகை வரை மூட்டை தாங்கியது. தேவா அவ்வளவு கறார்.

"தேவாண்ணே, ரெண்டு உயிர்தான் கீது, ஒரு முறுக்கு குடுண்ணே" என்று பாபு கெஞ்சுவான்.

"ரெண்டு போதும். போயி அடி."

"செத்துடுவேன்!"

"செத்தா ஒன் பங்கு மிச்சம்."

மூட்டையின் கனத்தைப் பார்த்துத்தான் அக்கா பூதத்தின் பலத்தை முடிவு செய்கிறாள் என்பதையும் அவன்தான் முதலில் பிடித்தான். உடனே மூட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, "இங்க இன்னா பார்வை? பூதத்துக்கு எப்பிடித் தெரியும்?" என்றான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒன்றை மட்டும் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவன் தின்னவே இல்லை. மூட்டைக்காரனைப் பூதம் அடிப்பதில்லை, அடிபடாதவனுக்கு உயிர் குறைவதில்லை, குறையாதவன் எதற்குத் தின்ன வேண்டும்? அவனுடைய பத்துக் காய்களும் வைத்த இடத்திலேயே மண் படிந்து கிடந்தன. அக்காவும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு கடைசிச் சண்டை. யாளித் தலைகள் செதுக்கிய சாளுவன்குப்பத்துப் பாறையிலிருந்து இறங்கி வந்த பல தலை யாளி. எனக்கு ஓர் உயிர், பாபுவுக்கு மூன்று, மூட்டையில் ஒரே ஓர் அதிரசம். அப்போது அக்கா நிதானமாகச் சொன்னாள்: "யாளியோட வாலு பின்னால சுத்தி வந்து மூட்டைக்காரன அடிக்குது." பகடையை உருட்டினாள். ஆறு. மறுபடி உருட்டினாள். மூன்று. தேவாவின் முன்னால் ஒரே ஒரு காய் நின்றது.

"யக்கா! மூட்டைக்காரன அடிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"அவன் சண்டை போட மாட்டான்னு சொன்னேன். அடிபட மாட்டான்னு எப்ப சொன்னேன்?"

"வேணும்னே அடிச்ச."

"என்ன ஏன்டா கேக்கற? யாளியக் கேளு."

அவன் அதிரசத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். பாபு குறுக்கே விழுந்தான்: "நீ செத்தா மூட்டைய யாரு தூக்கறது? சீக்கிரம் துன்னுண்ணே, வாலு வந்துகினு கீது!"

தேவா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தின்றான். தின்று முடித்து, விரலை டவுசரில் துடைத்துவிட்டு, ஐந்து காய்களை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினான். பாபு உருட்டிய அடுத்த பகடையில் யாளி விழுந்தது.

மறுநாள் காலை நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் வந்தான். அந்நாளில் மே கடைசி வரைதான் இருந்த தடை முடிந்து சில நாள் ஆகியிருந்தது, அவன் அப்பா கடலுக்குப் போய் வந்துவிட்டார். கையில் செய்தித்தாள் பொட்டலம், உள்ளே சூடாக வறுத்த நெத்திலி. "இதுக்கு எத்தினி உயிரு?" என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே மூட்டைத் துணியை விரித்தான்.

இதையெல்லாம் யாழினியிடம் சொன்னேன். அந்தச் சவுக்குத் தோப்பு இப்போது சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள பங்களாக்கள். லாட்ஜ் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். ஜெயமேரி அக்கா பஹ்ரைனில் நர்ஸ். யாழினி இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் எல்லாரும் தின்பண்டம் கொண்டுவர வேண்டும் என்று தோழிகளுக்குச் செய்தி அனுப்பினாள், கோபித்துக்கொண்டு போன பெண்தான் மூட்டை தூக்க வேண்டும் என்றும். பிறகு, "நெத்திலிக்கு எத்தனை உயிர்மா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. முறுக்கும் கடலையும் அதிரசமும் நினைவிருக்கின்றன, இது மட்டும் இல்லை.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக தேவாவுக்குப் போன் செய்தேன். கேளம்பாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான், விடியும் முன்பே எழுந்துவிடுவான்.

"இன்னா செல்வி, காலங்காத்தால?"

கேட்டேன்.

"அக்கா எங்க சொல்லுச்சு? அது வாயத் தொறக்கறதுக்குள்ள எல்லாருமா துன்னு தீத்துட்டோமே" என்றான்.

அதற்குப் பிறகுதான் பல் துலக்கினேன்.