ஜீப்பில் ஏறிய தண்ணீர்க்குடம்

போன மாதம் அத்தை மகன் புதுசாக ஒரு ஜீப் வாங்கி, என்னை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். பாதி வழியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. முகம் சுண்டிப்போய் வண்டியை ஓரங்கட்டினான்.

"அடியில சத்தம் ஏதும் வருதான்னு முதல்ல கேளுப்பா" என்றேன்.

"மதினி, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல மாட்டித்தான் பாப்பாக" என்று சிரித்தான்.

சிரிக்கட்டும். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஜீப் சத்தத்தில் எனக்கு அவனைவிடப் பழக்கம் உண்டு. அவன் பிறப்பதற்கு முன்னாலேயே உண்டு.

அப்போது எனக்கு ஏழு வயசு இருக்கும். அத்தையும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு அடுத்த தோப்பில் இருந்தார்கள். மலையடிவாரம். அங்கிருந்து தார் ரோட்டுக்கு வர கல்லுப்பாதையில் போய் ஓடையையும் தாண்ட வேண்டும். முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது அத்தையை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். ஓடையில் மாடு மிரண்டு நின்றுகொண்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. மறுபடி அத்தை உண்டானதும், பட்டாளத்தில் டிரைவராக இருந்து வந்த மாமா, எங்கிருந்தோ ஒரு பழைய பட்டாளத்து ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். இந்தத் தடவை இதில்தான் போக வேண்டும் என்பது அவர் முடிவு.

ஜீப் வந்த புதிதில் ஒழுங்காகத்தான் ஓடியது. அத்தைக்கு ஏழாம் மாசம் பிறந்தபோது கோளாறு தொடங்கியது. தார் ரோட்டில் வாயே திறக்காது. கல்லுப்பாதையில் இறங்கியதும் அடியிலிருந்து 'டங், டங்' என்று இடிக்கும். போதாததற்கு ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

"நான் இதுல ஏற மாட்டேன். இடிக்கவும் செய்யுது, கண்ணும் செவக்குது. மாட்டுவண்டியே போதும்" என்றாள் அத்தை.

"மாடு மட்டும் அன்னைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டுச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டு அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மாமா தினமும் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான்.

"ஏட்டி, தண்ணி சிந்தக் கூடாது. சத்தம் எங்கன இருந்து வருதுன்னு காதைக் குடுத்துக் கேளு."

ஓடையைத் தாண்டி ரோட்டுக்குப் போய்த் திரும்புவோம். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். மாடு மேய்க்கிறவர் எங்களைத் தாண்டி நடந்துபோய்விட்டு, "என்ன மாப்ளே, பட்டாளத்துல சண்டைக்கும் இப்படித்தான் போனீகளா?" என்பார். மாமாவுக்குக் கண் பாதையில்தான் இருக்கும். ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்துச் சக்கரத்தை ஏற்றி இறக்குவார். தோப்புக்குத் திரும்பியதும் குடத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று விரலைவிட்டுப் பார்ப்பார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் அம்புட்டையும் தென்னைக்கு ஊற்றிவிடுவார். இப்படி வீணாக்குகிற மனுசன் உண்டா என்று எனக்கு இருக்கும்.

ராஜபாளையத்து மெக்கானிக் ஜீப்பின் அடியில் இருக்கும் வில்பட்டைகளை இறுக்கினார், தேய்ந்த ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினார். சத்தம் போகவில்லை. கடைசியில் தோப்புக்கே வந்தார். சிவப்பு விளக்கை மட்டும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"டைனமோ சுத்துறது பத்தல அண்ணாச்சி, அதான் எரியுது. பயமில்ல. வேகமா ஓட்டுங்க, அணைஞ்சிரும்."

"அப்ப எரியட்டும்" என்றார் மாமா.

சத்தத்துக்கு நான்தான் வழி சொன்னேன். "பின்னால, இடது பக்கம். சக்கரம் கல்லுல ஏறும்போது இல்ல, இறங்கி விழும்போது" என்றேன். மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாக்கை விரித்து அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு லாடம். அதைச் சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் துணி நைந்து தொங்கியது.

"இது இந்த வண்டிச் சாமான் இல்லையே அண்ணாச்சி. குதிரைக்குள்ளதுல்லா?"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அத்தைதான் கதவோரம் நின்று மெல்லச் சொன்னாள். "கண்ணு படக் கூடாதுன்னு நேந்து நாந்தான் கட்டுனேன். வெளிய சொன்னாப் பலிக்காதுன்னு சொல்லல."

துணி கிழிந்ததும் லாடம் தொங்கி ஆக்சிலில் இடித்திருக்கிறது. தான் காவலுக்குக் கட்டியதைக் கேட்டுத்தான் அத்தை அத்தனை நாளும் நடுங்கியிருக்கிறாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி லாடத்தில் இறுக்கிச் சுற்றினார்.

"இதை அங்கனயே கட்டிருங்க. இனிமே இதுவும் வண்டிச் சாமான்தான்."

அன்றைக்கு ஓடையைத் தாண்டிப் போய் வந்தோம். சின்னச் சத்தம்கூட இல்லை. வாசலில் நின்றிருந்த அத்தை பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, ஏறுதேன்" என்றாள்.

வலி எடுத்தது ஒரு காலைநேரம். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டதும் நான் வழக்கம்போலக் குடத்தை நிறைத்து, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் உட்காரும் இடத்தில் அத்தை சாய்ந்திருந்தாள், பக்கத்தில் அம்மா.

"மாமா, குடம்" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப் அடியில் 'டங்' சத்தம் இல்லாமல், சிவப்பு விளக்கு எரிய, ஊர்ந்து ஊர்ந்து ஓடைக்குள் இறங்கியது.

பொழுது சாய்வதற்குள் மாமா மட்டும் திரும்பி வந்தார். "ஆம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காக" என்றார். நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குடம் வாசலில் வைத்தது வைத்தபடி இருந்தது. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையாலும் தூக்கி, மடமடவென்று குடித்தார். மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

அம்புட்டு நாளும் ஒரு வாய் குடிக்காதவருக்கு இன்றைக்குத்தான் தாகம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையிலும் குடத்தை நிறைத்து வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் காத்திருந்தேன்.