சுவரில் தங்கையின் பெயர்

என் தங்கை தயாளினி தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் படித்து மாகாண ஓவியப் பரிசு பெற்றாள். அப்பா மறுத்தும் சித்திர ஆசிரியையானாள். பிரியவிருந்த ஒரு வகுப்பையும் சேர்த்துவைத்தாள். ஆனால் வரைந்த எதிலும் பெயர் போடமாட்டாள். "அந்தளவுக்கு இன்னும் வரலண்ணே" என்பாள்.

அந்த வகுப்பு, கண்டியில் அவள் பெண்களுக்கு இலவசமாக நடத்தியது. முதல் நாள், அவரவர் அம்மாவின் முகத்தை வரையச் சொன்னாள். தோட்டத்துப் பெண்கள் வரைந்தார்கள். உருவம் வரைய விரும்பாத அக்குறணை முஸ்லிம் பெண்கள் தூரிகையை வைத்துவிட்டார்கள். இனி வரமாட்டார்களோ என்று தங்கை கலங்கினாள்.

அவர்களுக்குக் கைவந்த மருதாணி கோன்களில் வர்ணம் நிரப்பி, அதைப் படம்பிடித்து அவர்களுக்கு அனுப்பினாள். மறுவாரம் எல்லாரும் வந்தார்கள்.

"இதயா டீச்சர் எங்களுக்குப் படிச்சுத் தரப் போறீங்க?" என்று சிரித்த அக்குறணை றம்ஸியா, வகுப்பு நடந்த மண்டபச் சுவரில் பூக்கொடி வரைந்தார். பக்கத்தில் தோட்டத்து வேலாயி கோலம் போட்டார். சுவர் நிறைந்ததும், "ஒங்கட பேரும் வேணும்" என்று றம்ஸியா கோனை நீட்டினார்.

தங்கை முதன்முதலாகத் தன் பெயரை எழுதினாள். அன்று 2023 மார்ச் 12.