ஓடத்துறையில் இறங்கியவள்

போன வியாழக்கிழமை எனக்கு ஒரு பல் உடைந்தது.

தட்டை கடித்ததில். அம்மா சுட்ட தட்டைதான். ஆனால் தப்பு தட்டை மேல் இல்லை. அம்மா இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தவறாமல் படிக்கிறாள் என்பதற்காகச் சொல்லவில்லை... நிஜமாகவே இல்லை. நான் கடித்த வேகம் அப்படி. சற்று முன்புதான் சென்னையிலிருந்து என் பதிப்பாசிரியர் போன் செய்திருந்தார்.

"தாரிணி, நாவல் நல்லா வந்திருக்குங்க. ஒரே ஒரு சந்தேகம். இது எங்க முடியுது?"

"கடைசிப் பக்கத்துல, மேடம்."

"எனக்கு அதுக்கு முன்னாடியே நாலஞ்சு தடவை முடிஞ்சுதே! முடிஞ்சுதுன்னு மூடப் போனா மறுபடி எந்திரிச்சு உட்காருது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க ஹீரோயின் வருஷக்கணக்கா பேசாத அண்ணனைப் பார்க்கத் தொட்டியத்துக்கு வர்றா. செருப்பைக் கழட்டுறா, காலிங் பெல்லுல விரலை வைக்கிறா. அங்கேயே நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டேன். அதோட விட்டிருக்கலாம்ல? நீங்க கதவைத் திறக்குறீங்க. அண்ணன் அழறாரு. அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் கல்யாணம். கடைசியில எதுக்குங்க அமெரிக்கா?"

"அமெரிக்கா ரொம்பச் சின்ன அத்தியாயம் மேடம்..."

"கடைசி நாலு அத்தியாயமும் வேண்டாம். எடுத்துட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்புங்க. இல்லேன்னா இந்தப் புத்தகக் கண்காட்சிக்கு வராது."

கண்காட்சிக்கு வராவிட்டால் என்ன ஆகும்? புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் ஆகும். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு 'முழுநேர எழுத்தாளர்' என்று ஸ்ரீரங்கத்துக்கு வந்து இறங்கியபோது அம்மாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தேன். இந்தக் கண்காட்சிக்குள் புத்தகம் வர வேண்டும். வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். பழைய மேனேஜர் வேறு மிக நல்லவர். 'எப்போது வந்தாலும் இடம் இருக்கு' என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நல்லவர்களால் வரும் தொந்தரவு கொஞ்சநஞ்சமா?

நாலு அத்தியாயத்தை எடுத்தால் தீர்ந்தது. எடுக்க மனசு வந்தால்தானே! அண்ணன் அழும் இடத்தை எழுதும்போது நானும் அழுதிருக்கிறேன். கல்யாணத்துக்கு மெனு எல்லாம் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"எங்க முடியணும்னு தெரியாமத்தான் இத்தனை நாளா எழுதிட்டிருந்தியா?"

அப்போதுதான் தட்டையைக் கடித்தேன். 'டக்' என்றது. தட்டை முழுசாக இருந்தது.

மறுநாள் காலையில் தில்லைநகர். அங்கே எந்த கிராஸில் திரும்பினாலும் ஒரு பல் டாக்டர் இருப்பார். வலி தாங்காமல் முதலில் கண்ணில் பட்ட போர்டுக்குள் நுழைந்தேன். உள்ளே மாஸ்க் போட்ட ஒரு லேடி டாக்டர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "வேர் வரைக்கும் விரிசல் போயிருக்கு. எடுத்துடறதுதான் நல்லது" என்றார். மரத்துப்போக ஊசி போட்டார். அதன் பிறகுதான், சாவகாசமாக, சிஸ்டர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்தார்.

"தாரிணி... ஸ்ரீரங்கம்... வடக்குச் சித்திரை வீதி..." புருவம் உயர்ந்தது. "ஏய், செல்வம் அண்ணன் ஆட்டோ தாரிணியா நீ?"

மாஸ்க்கைக் கீழே இறக்கினார். மேல் உதட்டில் அதே மச்சம். கயல்விழி!

"கய்ய்..." என்றேன். நாக்கு பாதிதான் என் பேச்சைக் கேட்டது.

"பேசாதே, வாயைத் திற" என்றாள் கயல். என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கும் அவளுக்கும் இடம் மாறியிருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

செல்வம் அண்ணன் எங்கள் ஸ்கூல் ஆட்டோக்காரர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஸ்கூலிலிருந்து எங்களை மூட்டை மாதிரி அடுக்கி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவருவார். பின்சீட் பெரிய பிள்ளைகளுக்கு. எனக்கு எதிரில் போட்ட பலகை. பலகையில் உட்கார்ந்தால் பின்னோக்கிப் போக வேண்டும். பின்னோக்கிப் போனால் எனக்குக் குமட்டும்.

பின்சீட்டில் ஓர இடத்தைப் பிடிக்க என்னிடம் இருந்தது ஒன்றுதான். கதை. அப்போது நான் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். லைப்ரரி புத்தகம் தீர்ந்துபோனால் மாத்திரை அட்டையோடு வரும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூட விடமாட்டேன். பக்க விளைவுகள் பகுதியில் நல்ல சஸ்பென்ஸ் இருக்கும்! 'ஓர சீட் குடுங்க, கதை சொல்றேன்' என்றேன். கொடுத்தார்கள். ஆக, நான் எழுத்தாளர் ஆனதற்குக் காரணம் இலக்கிய தாகம் அல்ல. வாந்தி.

கதையின் ஹீரோ பெயர் சுழல்மாறன். காவிரியில் ஓடம் ஓட்டுபவன். ஆற்றுக்கு அடியில் இருக்கும் ராஜ்யத்துக்கும் மேலே இருக்கும் ஊருக்கும் போய்வரத் தெரிந்த ஒரே ஆள். வருஷம் முழுக்க ஓட்டினேன். அவனையும் கதையையும்.

முழுப் பரீட்சை முடிந்த கடைசி நாள் வந்தது. அன்றைக்கு முடித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் லீவு முழுக்க வீட்டுக்கு வந்து கேட்பார்கள். இங்கேதான் சிக்கல். ஆட்டோவில் எல்லோரும் ஒரே இடத்திலா இறங்குவார்கள்?

முதலில் இறங்குபவள் கயல். வீடு ஓடத்துறையில், காவிரிப் பாலம் ஏறுவதற்கு முன்பே. அவள் ஒரு காலைக் கீழே வைத்துக்கொண்டு, "முடிவைச் சொன்னாத்தான் இறங்குவேன்" என்றாள். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். அவசரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஊருக்குள்ள வெள்ளம் வராம இருக்க, சுழல்மாறன் ஓடத்தோட சுழலுக்குள்ள போயிட்டான். அவ்ளோதான்."

கயல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அந்த லீவிலேயே அவள் அப்பாவுக்கு சேலத்துக்கு மாற்றலாகிவிட்டது. அதன் பிறகு அவளைப் பார்க்கவே இல்லை.

(கயல், நீ இதைப் படிப்பதாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள். ப்ளீஸ்.)

ஆட்டோ பாலத்தில் ஏறியதும் பக்கத்தில் இருந்த பாலாஜி தகராறு செய்தான். ஹீரோ எப்படிச் சாகலாம்? சரி என்று மாம்பழச்சாலையில் அவனை இறக்கிவிடுவதற்குள் சுழல்மாறன் முதலையின் வாலைப் பிடித்து மேலே வந்துவிட்டான். அம்மா மண்டபத்தில் இறங்க வேண்டிய இரட்டைப் பெண்கள் அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்றார்கள். நடத்தி வைத்தேன். ராஜகோபுரத்தருகே இறங்கும் பெரிய வகுப்பு அண்ணாவுக்காகப் பட்டாபிஷேகம். கடைசியில் ஆட்டோவில் நானும் செல்வம் அண்ணனும்தான் மிச்சம். வண்டியை நிறுத்திவிட்டு, "அப்புறம் என்ன பாப்பா ஆச்சு?" என்றார். அவரை மட்டும் சும்மா அனுப்ப முடியுமா? "ராஜா வேலை போரடிச்சுது அண்ணே, ஆட்டோ வாங்கிட்டான்" என்றேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "டீசலா, பெட்ரோலா?"

இந்த மாதிரி ஆட்டோவில் தொழில் கற்றுக்கொண்டவள் நாவல் எழுதினால் அது அமெரிக்கா வரைக்கும் போகாமல் என்ன செய்யும்?

இப்போது தில்லைநகருக்கு வருவோம். நான் வாயைப் பிளந்தபடி கிடக்கிறேன். எல்லாம் தெரிந்தவளால் பேச முடியாது. ஒன்றும் தெரியாதவள் கையில் குறடு.

"சுழல்மாறனை நீ கொன்ன பாரு..." என்றாள் கயல், பல்லை அசைத்துக்கொண்டே.

உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த சிஸ்டர் திடுக்கிட்டார். "யாரை டாக்டர் கொன்னாங்க?"

"எங்களுக்குத் தெரிஞ்சவர் சிஸ்டர். ஓடம் ஓட்டுறவரு."

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் குழாய் வாயிலிருந்து நழுவிக் கன்னத்தை உறிஞ்சியது.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய் ஒரே அழுகை" என்று கயல் தொடர்ந்தாள். "எங்கம்மா பயந்துபோய், ஆட்டோல வர்ற பையன் யாரோ ஆத்துல போயிட்டான்னு நினைச்சுட்டாங்க. எங்கப்பா செல்வம் அண்ணனைத் தேடிப் போய், 'யாருங்க அந்தப் பையன், மாறனாமே'ன்னு விசாரிச்சுட்டு வந்தாரு. தெரியுமா உனக்கு?"

"ஆ... ஆ..."

"ஆடாதே. எங்க வீட்டு மாடியிலேர்ந்து ஆறு தெரியும்ல? சேலம் போற வரைக்கும் தினமும் அங்க நின்னு பார்ப்பேன். அங்க போயும், புதுசா ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சா முதல்ல இந்தக் கதையைத்தான் சொல்வேன். எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தாருன்னு. இப்பவும் தண்ணி நிறைய போறப்ப பாலத்துல வந்தா, அந்த மூணாவது தூண் பக்கம் சுத்துது பாரு, அங்க ஒரு தடவை திரும்பிப் பார்த்துடுவேன். என் வீட்டுக்காரர் சிரிப்பாரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "வலிக்குதா?" என்று கேட்டாள். வலிக்கவில்லை. பாலாஜியை நினைத்துக்கொண்டேன். அவன் இப்போது ஸ்ரீரங்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான். சுழல்மாறனை ஞாபகம் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டேன். "கதையா? நீ என் சிப்ஸை எடுத்துத் தின்னது ஞாபகம் இருக்கு" என்றான். முதலை, கல்யாணம், பட்டாபிஷேகம் எல்லாம் கேட்டவர்களுக்கு மனதில் ஒன்றும் இல்லை. முதல் ஸ்டாப்பில் இறங்கியவள்தான் சுழல்மாறனை சேலம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஒற்றை வரியில் செத்தவனை.

பல் வந்துவிட்டது. கயல் அந்தப் பள்ளத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"நல்லா கடிச்சுக்கோ. அரை மணி நேரம் வாயே திறக்கக் கூடாது."

கையுறையைக் கழற்றினாள். சிஸ்டர் வெளியே போகும் வரை காத்திருந்தாள். பிறகு, ஒரு பல் டாக்டருக்குப் பொருந்தாத குரலில் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. நான் இறங்கினப்புறம் அவன் திரும்பி வந்தானா?"

வாசகர்களே, அந்த நிமிஷம் என் தொண்டை வரைக்கும் முதலை வந்து நின்றது. வாலைப் பிடித்தபடி சுழல்மாறன். பின்னாலேயே நாதஸ்வரம், கிரீடம், பெட்ரோல் ஆட்டோ! வாயில் மட்டும் பஞ்சு இல்லாதிருந்தால் வடக்குச் சித்திரை வீதி வரைக்கும் ஓட்டியிருப்பேன். கயலுக்குச் சந்தோஷம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த மூன்றாவது தூணிலிருந்து அவனைப் பிடுங்கியிருப்பேன்.

தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். வரவில்லை.

கயல் கழற்றிய கையுறையைக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள். அத்தனை திருப்தி அந்த முகத்தில்.

சத்திரத்தில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர், "எங்கம்மா?" என்றார். கையைத் தூக்கி கோபுரம் மாதிரி காட்டினேன். "சமயபுரமா? இந்த பஸ் போகாது" என்றார். பக்கத்து சீட் அம்மா கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பல்லு புடுங்கிட்டு வருது பாவம், ஸ்ரீரங்கம் குடுங்க" என்று காப்பாற்றினார். பஸ் ஓடத்துறையைத் தாண்டிப் பாலத்தில் ஏறியது. மூன்றாவது தூணைப் பார்த்தேன். தண்ணீர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் பாலம் முடியும் வரை கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். கதாநாயகி தொட்டியத்தில் அண்ணன் வீட்டு வாசலில், பெல்லில் விரலை வைத்தபடி நின்றாள். அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். ஆஸ்பத்திரி நீல நிறமானது. கல்யாண மெனு நீல நிறமானது. அமெரிக்கா முழுக்க நீல நிறமானது. டெலீட் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், அவளும் நானும் ஒரே மாதிரி.

பிறகு அழுத்தினேன்.

வலி அப்போதுதான் தெரிந்தது. ஊசியின் வேகம் குறைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே அனுப்பியும் விட்டேன், மனசு மாறுவதற்குள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதில் வந்தது. 'இப்ப முடிஞ்சிருக்கு. பிரஸ்ஸுக்குப் போகுது.'

அம்மாவிடம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் முழுக்கப் படித்தாள். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி.

"அப்புறம் என்னடி ஆச்சு? அண்ணன் கதவைத் திறந்தானா இல்லையா?"

"அவ்ளோதான்மா."

"என்னடி அநியாயம் இது! அந்தப் பொண்ணு வெயில்ல நிக்குதுடி!"

சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்து, "திறந்திருப்பான். கூடப்பிறந்தவன்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலைக்குத் திரும்புவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேனேஜருக்கு நானே மெசேஜ் போட்டேன்: 'சார், அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க.'

'எழுத்தாளர் ஆக என்ன வேண்டும்?' என்று உங்களில் பலர் மெயில் அனுப்புகிறீர்கள். நானும் இதுவரை நிறையப் படியுங்கள், தினமும் எழுதுங்கள் என்று சளைக்காமல் பதில் போட்டு வந்திருக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

பேனா வாங்கப் போகும்போது, அப்படியே மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாக்கெட் பஞ்சும் வாங்கிக்கொள்ளுங்கள்.