ஹில்க்காவின் பிப்ரவரிப் பனி

ஹில்க்கா ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். எதிரே இருப்பவன் காபியைக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் மிச்ச வாக்கியம் வந்திருக்காது. பின்லாந்தின் வடக்கே இருக்கும் எங்கள் ஔலு நகரத்தில் யாருமே வளவளவென்று பேசுகிறவர்கள் இல்லை. நாங்கள் சொல்ல ஒன்றுமில்லாமல் சும்மா இருப்போம். இவள் எங்கோ போய்விட்டுத் திரும்பி வருவாள்.

நான் தவுனோ. போன் தயாரிக்கிற கம்பெனியில் குளிர் அறை என் பொறுப்பு. புதிதாகச் செய்த ஒவ்வொரு போனையும் கடுங்குளிரில் உறைய வைத்து, கம்பளிக் கையுறையோடு அதை இயக்கிப் பார்ப்பது என் பிழைப்பு. அறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருந்தேன்: 'கையுறையோடு எடுக்க முடியாத போன் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது.' எங்கள் தலைவர் வில்யோ சொன்ன வார்த்தை அது. ஜனவரி மாதம் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தவன் எவனும் அதை மறுத்துப் பேசமாட்டான்.

ஹில்க்காவின் மேசை என் அறைக்கு எதிரில் இருந்தது. போன் திரையில் வரும் சின்னச் சின்னப் படங்களை வரைவது அவள் வேலை. கடிதத்துக்கு ஒரு உறை, கடிகாரத்துக்கு ஒரு வட்டம். அப்போது இந்த நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. தொடுதிரை போன் என்று ஒன்றிரண்டு வந்திருந்தன. அவற்றை ஒரு குச்சியால் குத்த வேண்டும். கோழி தீனி பொறுக்குவது போல எல்லோரும் குத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் பிறந்தது ஹைலுவோட்டோ தீவில். ஊரிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் ஒரு பென்சில் கோடு போலத் தெரியும். கோடையில் அங்கே போகப் படகு. குளிர்காலத்தில் கடல் உறைந்ததும் அதன் மேலேயே பாதை போட்டுவிடுவார்கள். கார் போகும், பால் வண்டி போகும். ஹில்க்கா மட்டும் நாற்பது வயது தாண்டியும் உதைவண்டியில்தான் வருவாள். முன்னால் ஒரு நாற்காலி, கீழே நீளமாக இரண்டு இரும்புப் பட்டை. ஒரு காலைப் பட்டையில் வைத்து மறுகாலால் பனியை ஓர் உதை உதைத்தால் வண்டி போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் வயதானவர்கள் அதில் கடைக்குப் போவார்கள். இவள் அதில் கடலைக் கடப்பாள்.

ஒரு மார்ச் மாதக் காலையில் அப்படிக் கடந்து வந்துகொண்டிருந்தாளாம். மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் கோடே இல்லை. ஓர் உதை. வண்டி போகிறது, போகிறது. தான் போகிறோமா, கடல்தான் பின்னால் போகிறதா என்று தெரியவில்லையாம். வேகம் தணிந்து, தணிந்து, எந்த இடத்தில் நின்றது என்றே தெரியாமல் நின்றதாம். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வேலைக்கு அவள் வந்து சேர்ந்தபோது மதிய உணவே முடிந்திருந்தது.

வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். மூக்கு நுனி சிவந்து, கண் எங்கோ இருந்தது.

"தவுனோ, போன்ல ஆளுங்க பேரெல்லாம் வரிசையா இருக்குல்ல, அத விரலால ஒரு தள்ளு தள்ளிட்டு விட்டுடணும். அதுவா போகணும். அதுவா நிக்கணும்."

"போய்?"

"போய்... நிக்கும்போது..." என்றவள் ஜன்னலைப் பார்க்கப் போய்விட்டாள். நான் என் வேலையைப் பார்த்தேன்.

எப்படியோ சம்மதம் வாங்கி, சின்னக் குழு ஒன்றும் பிடித்துவிட்டாள். நிரல் எழுதுகிற பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் அவள் மாதிரியே ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெறும் விரல் பட்டாலே உணர்கிற கண்ணாடி ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்தார்கள். வரிசை ஓடியது. ஆனால் அவள் நினைத்தபடி ஓடவில்லை. அவள் திரையைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். "இது ஏப்ரல் பனி. மேல தண்ணி நிக்குது, இழுக்குது." அவர்கள் எதையோ மாற்றுவார்கள். "இது நவம்பர். ரொம்ப மெல்லிசு, பயமா இருக்கு." மறுபடி மாற்றுவார்கள். "டிசம்பர். சொரசொரன்னு இருக்கு. எனக்குப் பிப்ரவரி பனி வேணும்." வெளியூரிலிருந்து வந்த ஒரு பிள்ளை, பிப்ரவரி என்றால் எண்ணில் எவ்வளவு என்று கேட்டான். அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் உதைவண்டியில் உட்கார வைத்து உறைந்த கடல்மேல் தள்ளிவிட்டாள். திரும்பி வந்தவன் நேராக உட்கார்ந்து எண்ணை மாற்றினான். அதுதான் சரியாக வந்தது.

எனக்கும் காட்டினாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மயங்கிவிட்டேன். பெயர்கள் கண்ணாடிக்கு அடியில் நழுவிப் போய், சொல்லி வைத்தாற்போல மெல்ல நின்றன. ஆனால் நான் குளிர் அறைக்காரன். கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு தள்ளினேன். திரை செத்த மீன் போலக் கிடந்தது.

"வேலை செய்யலையே" என்றேன்.

"கையுறையக் கழட்டு."

"மைனஸ் இருபத்தஞ்சுல யாரு கழட்டுவா?"

"நான் கழட்டுவேன்."

"நீ கழட்டுவ. நீ கடல் நடுவுல நாற்காலி போட்டு உக்கார்றவ. ஊர்ல மத்தவங்களுக்குப் புத்தி இருக்கு."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நானும் நின்றேன், அவளும் நின்றாள். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்: கையுறை விஷயத்தில் நான் சொன்னது சரிதான்.

அந்தக் குளிர்காலத்தோடு அவள் குழுவுக்குக் கொடுத்த தவணை முடிந்தது. வில்யோ சரி என்றால் போன் கடைக்குப் போகும். இல்லை என்றால் செய்து வைத்த மாதிரிகள் எல்லாம் நொறுக்கப்படும். கம்பெனி வழக்கம் அது, ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள். முந்தின நாள் ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "தவுனோ, லட்சக்கணக்குல விக்கணும்னு எனக்கு ஆசையில்ல. யாருன்னே தெரியாத ஒருத்தர் கையில அது இருக்கணும். நான் பக்கத்துல நிக்கிறேன்னு தெரியாம அவங்க அதத் தள்ளணும். அத ஒரு தடவை பாத்துட்டாப் போதும்." இதை மட்டும் அவள் முழுசாகச் சொல்லி முடித்தாள். காபி ஊற்றிக் கொடுத்தேன்.

கடைசிச் சோதனையை வில்யோ எப்போதும் கடல் மேல்தான் வைப்பார். பனியில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி போனை வாங்கிப் பார்ப்பார். எங்கள் ஊரில் முதலாளியையும் பெயர் சொல்லி, நீ என்றுதான் பேசுவோம். ஆனால் மீன் பிடிக்கும்போது அவரோடு யாரும் பேச மாட்டோம். துளையிலிருந்து அவர் கண்ணை எடுத்து ஒருவரும் பார்த்ததில்லை.

அன்று காற்றே இல்லை. சூரியன் பனிமேல் ரோஜா நிறத்தில் படிந்து கிடந்தது. நான் என் போனிலிருந்து அழைத்தேன். அவர் மடியில் இருந்த ஹில்க்காவின் போன் அடித்தது. கம்பளி விரலால் தொட்டார், தேய்த்தார், குத்தினார். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் குனிந்து மூக்கால் தொட்டார். போன் அழைப்பை எடுத்தது.

"ஹில்க்கா, ஊர்ல எல்லாரையும் மூக்கால போன் எடுக்கச் சொல்றியா?"

அவள் வெள்ளையாக இருந்த அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்யோ பெருமூச்சு விட்டு வலது கையுறையைக் கழற்றினார். பெயர் வரிசையை ஒரு தள்ளு தள்ளினார். அது போனது. நின்றது. மறுபடி தள்ளினார். மேலே, கீழே. பிறகு எங்களை மறந்துவிட்டார். ரோஜா நிறம் பொன்னிறமாயிற்று. அவர் கோப்பையில் காபி மேல் மெல்லிய ஏடு கட்டியது. தூண்டில் நரம்பு துடித்தது, இழுத்தது, தளர்ந்தது. அவர் விரல் நுனி வெளுத்துவிட்டது. இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வில்யோ," என்றாள் ஹில்க்கா மெதுவாக, "உன் மீன் போயிடுச்சு."

அவர் நிமிர்ந்தார். துளையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். விரலை அக்குளில் செருகிக்கொண்டார்.

"கையுறையோட வேலை செய்யல. அது குறைதான்" என்றார். "யாரும் கையுறை போடாத நேரமாப் பாத்து வெளியிடுவோம். தவுனோ, எப்ப?"

குளிர், வெயில் என்றால் என்னை விட்டால் யார்? மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "நடுக்கோடை வாரம். அதவிடச் சூடு கிடையாது."

மூன்று பேரும் தலையை ஆட்டினோம். நடுக்கோடை வாரத்தில் இந்த நாட்டில் ஒரு ஜீவன் ஊரில் இருக்காது என்பது எங்களுக்குத் தெரியாததா? ஏரிக்கரைக் குடிசைக்குப் போய், சொக்கப்பனை கொளுத்தி, நீராவிக் குளியல் எடுத்துக்கொண்டு கிடப்பார்கள். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் எங்கள் தலையில் எத்தனை டிகிரி சூடு என்பது மட்டும்தான் ஓடியது. அதைச் சொல்லித் தடுக்க வேண்டிய விற்பனைக்காரர்கள், தேதியைக் கடிதத்தில் பார்த்தபோது தாங்களே விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பார்த்தும் பார்க்காமலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

வெளியீட்டு நாளன்று கடைத்தெருவில் இருந்த பெரிய கடையில் மேசை போட்டு, கிரீம் கேக் வெட்டி வைத்திருந்தோம். ஹில்க்கா நீலச் சட்டை போட்டு, முடியைத் தூக்கிக் கட்டி நின்றாள். அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. ராத்திரியிலும் இருட்டவிடாத வெயில் தெரு முழுக்கக் கொட்டிக் கிடந்தது. ஒரு மனிதர் இல்லை. கடற்பறவை ஒன்று நடு ரோட்டில் நடந்து போனது. மத்தியானத்துக்கு மேல் ஒருவர் உள்ளே வந்தார். ஹில்க்கா போனைக் கையில் எடுத்தாள்.

"கொசு மருந்து இருக்கா?" என்றார் அவர்.

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஹில்க்கா அவருக்குக் கேக் கொடுத்து அனுப்பினாள். மாலையில் ஒரு போனை எடுத்து, தானே ஒரு தள்ளு தள்ளி, நிற்கும்வரை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

இலையுதிர் காலத்துக்குள் கதை முடிந்தது. விற்காமல் மிஞ்சியதை யாரோ மொத்த வியாபாரி வந்த விலைக்கு அள்ளிப்போனான். குழு கலைந்தது. ஹில்க்கா மறுபடி உறையும் வட்டமும் வரைய உட்கார்ந்தாள். காபி நேரத்தில் வாக்கியத்தை ஆரம்பிப்பதையே விட்டுவிட்டாள். நான் வலியப் போய் வம்புக்கு இழுப்பேன்: "என்ன, இன்னிக்கு எந்த மாசத்துப் பனி?" அவள் சிரிப்பாள், அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஜனவரியில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கூடவே ஏறினாலும் தனித்தனி இருக்கையில் உட்காருவதுதான் எங்கள் ஊர் மரியாதை. அவள் முன்னால், நான் இரண்டு வரிசை பின்னால். ஜன்னலில் உறைபனி பூப்பூவாகப் படிந்து, தெருவிளக்குகள் அதற்குள் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன.

வழியில் ஒருவர் ஏறி ஓரமாக உட்கார்ந்தார். மரம் வெட்டப் போகிறவர் போல ஆரஞ்சுச் சட்டை, கனத்த தோல் கையுறை. வலது கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். பையிலிருந்து அதை எடுத்தார்.

அதேதான், ஹில்க்காவின் போன்.

அவர் யாரையும் அழைக்கவில்லை. பெயர் வரிசையைத் தள்ளினார். நிற்கும்வரை பார்த்தார். மறுபடி தள்ளினார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

ஹில்க்கா எழுந்தாள். பாதி பஸ் காலியாகக் கிடக்கும்போது நேராகப் போய் அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் இப்படி யாரும் செய்ய மாட்டார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். அந்த மனிதர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். அவள் அவர் கையையே பார்த்தாள்.

அவர் கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு அவளுக்குக் கண்ணீர் வழிவதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் போனை அவள் பக்கம் நீட்டினார்.

"தள்ளிப் பாக்கறீங்களா?"

அவள் விரலை வைத்தாள். பலமாக அழுத்திவிட்டாள் போல, வரிசை நகரவில்லை.

"அப்படி அழுத்தக் கூடாது" என்றார் அவர் பொறுமையாக. "லேசாத் தொட்டு ஒரு தள்ளு. அப்புறம் விட்டுடணும். அதுவா போகும்."

நான் பாதி எழுந்துவிட்டேன். 'யோவ், அத செஞ்சதே அவதான்யா' என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமலே, பின்பக்கமாகக் கையை நீட்டி, உட்கார் என்று சைகை காட்டினாள். உட்கார்ந்தேன்.

"விரல் குளிரலையா உங்களுக்கு?" என்று அவரைக் கேட்டாள்.

"குளிருதுதான்" என்றார் அவர். இன்னொரு தள்ளு தள்ளினார்.

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. நான் இறங்க வேண்டியதும் போனது.

"எனக்குச் சரியா வரல" என்றாள் ஹில்க்கா. "இன்னொரு தடவ சொல்லிக் குடுங்க."

அவர் அவள் விரலைப் பிடித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.